தறிக்குழியில் கால் விடும் முன்: நெசவு கற்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் மூன்று குழித்தறி (குழிக்குள் கால் விட்டு மிதிப்பது), பின்கட்டில் ஒரு சட்டத்தறி (தரைக்கு மேல் மரச்சட்டத்தில் நிற்பது). கைலி, துண்டு, கைக்குட்டை என்று சாதா ரகங்கள்தான் நெய்கிறோம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய அதே கேள்விகளைக் கேட்பதாலும், பதில் சொல்லும் நேரத்தில் நூல் தீர்ந்து தறி நின்றுவிடுவதாலும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

எங்களுடையது நெசவுக் குடும்பம் இல்லை. எனக்கு வருமா?

எனக்கே வந்தது. நான் பள்ளிகொண்டா பக்கம் கரும்பு, நெல் போடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் பாவு எது, ஊடை எது என்றே தெரியும். நீளவாக்கில் தறியில் ஏற்றி இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே நாடாவில், அதாவது நூலைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் மரக்கட்டையில், போகிற நூல் ஊடை. இந்த இரண்டு சொல்லும் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சௌகரியம் உண்டு. தறிச்சத்தம் மாறினால் தூக்கத்திலும் அவர்களுக்குத் தெரியும். அது நமக்கு வர ஒரு வருஷம் ஆகும்.

எத்தனை நாளில் நெய்யக் கற்றுக்கொள்ளலாம்?

நாடாவை அடித்து ஓட்ட மூன்று நாள். விற்கிற மாதிரி துணி இறக்க மூன்று மாதம். பாவு வேலை முழுவதும் தெரிய ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேல். தறியில் உட்காருவதைத்தான் எல்லாரும் நெசவு என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் தறியில் உட்காரும்போது பாதி வேலை முடிந்துபோயிருக்கும். நல்ல துணியா கெட்ட துணியா என்பது பாவு ஓடும்போதும் (இழைகளை நீளத்துக்கு அளந்து அடுக்கும்போதும்) அதற்குப் போட்ட கஞ்சி காயும்போதுமே முடிவாகிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் தறியைவிட அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றி அதிகம் எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதல் நாள் என்ன வேலை?

தார் சுற்றுவது. "இதுக்கா பஸ் ஏறி வந்தோம்" என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிக்குத்தான் தார் என்று பெயர். சிட்டம் என்கிற நூல்கட்டிலிருந்து ராட்டை வழியாக அதில் ஊடை நூலைச் சுற்ற வேண்டும். வலது கை ராட்டையைச் சுற்றும். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூல் ஓடும். அந்த இரண்டு விரலுக்கு இடையே இருக்கிற அழுத்தம்தான் பாடம். தளர்த்திப் பிடித்தால் தார் பொதபொதவென்று வரும், நாடா ஓடும்போது நூல் கொத்தாகச் சரிந்து விழும். இறுக்கிப் பிடித்தால் ஊடை துணியின் ஓரத்தை உள்ளே இழுக்கும், விளிம்பு பல்லுப்பல்லாக வரும். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுவில் தொப்பை போட்ட தார் நாடாவின் சுவரில் உரசி அறுந்துபோகும்.

எங்கள் மாமியார் என்னை ஒன்றரை மாதம் தாரைவிட்டு எழவிடவில்லை. கோபமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றும்போது நூலில் ஒரு கனத்த இடம் விரலில் தட்டியது. அதைக் கிள்ளி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தறிக்கு அனுப்பினார்.

40, 60, 2/60 என்று நூலுக்கு நம்பர் சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறது என்பதுதான் நம்பர். ஒரு சிட்டம் 840 கஜம், அதாவது 768 மீட்டர். ஒரு பவுண்டில் 40 சிட்டம் இருந்தால் 40-ஆம் நம்பர், 60 இருந்தால் 60-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகவே புரிந்துகொள்கிறார்கள். 2/60 என்றால் 60-ஆம் நம்பர் நூல் இரண்டை ஒன்றாக முறுக்கியது. பருமனில் அது 30-ஆம் நம்பருக்குச் சமம், உறுதியில் அதைவிட மேல்.

துண்டுக்கு 20, 40. கைலிக்கு 40, 60, நயமான கைலிக்கு 80. நம்பரைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்குத் தராசு போதும்.

ஒரு பாவுக்கு எவ்வளவு நூல் வாங்க வேண்டும்? கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

60-ஆம் நம்பர் நூலில் சாதா கைலி. அச்சில் 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 80 இழை. அச்சு என்பது சீப்பு மாதிரி பல் வைத்தது, பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துவதும் ஊடையை நெருக்கி அடிப்பதும் அதுதான். 80-ஆம் நம்பர் அச்சில் இரண்டு அங்குலத்துக்கு 80 பல் இருக்கும். பல்லுக்கு இரண்டு இழை கோத்தால் அங்குலத்துக்கு 80 இழை வந்துவிடும். 48-ஐ 80-ஆல் பெருக்கினால் மொத்தம் 3840 இழை.

பாவு நீளம் 96 மீட்டர் என்று வையுங்கள். 3840-ஐ 96-ஆல் பெருக்கினால் 3,68,640 மீட்டர் நூல். 768-ஆல் வகுத்தால் 480 சிட்டம். 60-ஆம் நம்பரில் பவுண்டுக்கு 60 சிட்டம் என்பதால் 8 பவுண்டு, கிலோவில் 3.63. சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 3 கிலோ 800 கிராம் வாங்கினால் போதும். சிட்ட நூல் வழக்கமாக 10 பவுண்டு பண்டலாக, அதாவது 4.54 கிலோவாக வரும். ஒரு பண்டலில் பாவு போக மிச்சமாவது ஊடைக்கு உதவும்.

எத்தனை கைலி இறங்கும்? பாவு நூல் ஊடைக்கு மேலும் கீழும் வளைந்து வளைந்து போவதால் 2 மீட்டர் துணிக்குச் சுமார் 2.1 மீட்டர் பாவு செலவாகும். தறியில் கட்டுவதற்கும் கடைசியில் மிஞ்சுவதற்கும் ஒன்றரை மீட்டர் போய்விடும். மிச்சம் 94.5 மீட்டரில் 45 கைலி. அங்குலத்துக்கு 68 ஊடை அடித்தால் கைலி ஒன்றுக்கு ஊடை நூல் 66 கிராம் அளவுக்கு ஆகும்.

இந்தக் கணக்கைப் பின்பக்கச் சுவரில் கரியால் எழுதிவைத்திருக்கிறேன். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வேன்.

பாவும் ஊடையும் ஒரே கணக்கில் போட்டேன், கட்டம் சதுரமாக வராமல் நீண்டுபோகிறதே?

கைலி நெய்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது. நானும் மாட்டினேன். முதல் தடவையாகத் தனியே பாவு போட்டபோது 24 கருப்பு, 8 வெள்ளை என்று 32 இழைக்கு ஒரு கட்டம் வைத்தேன். 3840-ஐ 32-ஆல் வகுத்தால் சரியாக 120 கட்டம், விளிம்பில் அரைக்கட்டம் விழாது என்று ஒரே பெருமை. ஊடையிலும் அதே 24, அதே 8 அடித்தேன். நாலு அங்குலம் நெய்ததும் எங்கள் மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கட்டம் போட்டியா, கட்டில் போட்டியா?" என்றார். கட்டமெல்லாம் நெட்டுக்கு நீண்டு நின்றன.

காரணம் இதுதான். அச்சில் 48 அங்குலமாக நின்ற பாவு, துணியாகும்போது 46 அங்குலமாகச் சுருங்கும். அப்போது அங்குலத்துக்குச் சுமார் 83 இழை. ஊடை 68 மட்டும். 32 பாவு இழை பிடிக்கிற இடத்தில் ஊடை 26-தான் பிடிக்கும். ஆக ஊடையில் ஒரு கட்டத்துக்கு 26 அடிக்க வேண்டும்.

அதை எப்படிப் பிரிப்பது? விகிதப்படி பார்த்தால் பத்தொன்பதரை கருப்பு, ஆறரை வெள்ளை. அரை ஊடை அடிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: நிறத்துக்கு ஒன்றாக நாடாக்களை வைக்கும் நாடாப் பெட்டி தறியின் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஒரு நிறத்து நாடா போய்த் திரும்பி வந்த பிறகுதான் அடுத்ததை எடுக்க முடியும். அதனால் எப்போதும் இரட்டைப்படைதான். 20 கருப்பு, 6 வெள்ளை என்று அடியுங்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் தெரியும், கட்டிக்கொண்டு நடந்தால் தெரியாது.

புது டிசைன் போடும்போதெல்லாம் முதல் ஒரு சாண் நெய்து தறியைத் தளர்த்தி அளந்து பாருங்கள். இழுவையில் இருக்கும் துணி பொய் சொல்லும்.

பாவுக்கு ஏன் கஞ்சி? நூல் வாங்கும்போதே கெட்டியாக வாங்கினால் என்ன?

ஒரு கைலி முடிவதற்குள் அச்சு ஐயாயிரம் தடவைக்கு மேல் பாவு இழையை உரசுகிறது. கணக்கு வேண்டுமானால், 2 மீட்டர் என்பது 78.74 அங்குலம், அதை 68-ஆல் பெருக்கிப் பாருங்கள். அத்தனை உரசலிலும் பஞ்சு பிசிறு எழாமல் படுத்திருக்க வேண்டும். நூல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பிசிறு பிசிறுதான். பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொண்டு, தறியின் மிதியைக் காலால் மிதிக்கும்போது நாடா போக வழி திறக்காது.

அரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, இரண்டு மூன்று சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். எண்ணெய் இல்லாவிட்டால் காய்ந்ததும் நூல் விறைத்து ஒடியும். அதிகமானால் பிறகு சாயத்திலும் சலவையிலும் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். விடியற்காலையில் தெருவில் பாவை முழுநீளத்துக்கும் நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, பாவாற்றி என்கிற நீண்ட பிரஷ்ஷால் இரண்டு பேர் இருபக்கமும் ஒரே வேகத்தில் வாரிக்கொண்டு போவார்கள். நெசவூர்களில் பாவடித் தெரு என்று பெயர் இருந்தால், பாவு நீட்டுவதற்கென்றே அகலமாக விட்ட தெரு என்று புரிந்துகொள்ளலாம். இப்போது அந்தத் தெருக்களில் ஸ்கூட்டர் நிற்கிறது. பலரும் கஞ்சி போட்டே சுற்றிய பாவை வாங்கிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கற்றுக்கொள்கிறவர்கள் ஒருதடவையாவது தெருப்பாவு வாரிப் பார்க்க வேண்டும். மேகம் கறுத்தால் மனசு என்ன பாடு படும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பாவு பிணைத்தல் என்றால் என்ன? 3840 முடிச்சும் போட வேண்டுமா?

முடிச்சு இல்லை, முறுக்கு. பழைய பாவு தீரும்போது அதன் வால் இழைகள் விழுதுக் கண்ணிலும் (மிதிக்கும்போது இழையைத் தூக்கி இறக்கும் கயிற்றின் கண்) அச்சுப் பல்லிலும் கோத்தபடியே இருக்கும். அவற்றைக் கழற்றாமல், புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கி மடக்கிவிடுவது பிணைத்தல். பிறகு மொத்தத்தையும் மெதுவாக இழுத்தால் புது இழைகள் தாமாகவே கண்ணுக்குள்ளும் பல்லுக்குள்ளும் நுழைந்து முன்னே வந்துவிடும்.

கைதேர்ந்தவர்கள் பேசிக்கொண்டே செய்வார்கள். இரண்டு இழையை ஒன்றாகப் பிணைத்தாலோ ஒன்றைத் தாண்டிவிட்டாலோ, அந்தக் கோடு 45 கைலியிலும் தலை முதல் கால் வரை ஓடும். அதனால் ஒவ்வொரு நூறுக்கும் நின்று எண்ணுங்கள். யாராவது கூப்பிட்டால், நூறு முடித்துவிட்டுத் திரும்புங்கள்.

வெயில் காலத்தில் இழை அறுந்துகொண்டே இருக்கிறது. நூல் மட்டமா?

நூலைத் திட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது காற்றில் ஈரமே இருக்காது. பருத்தி நூல் ஈரம் இருந்தால்தான் உறுதி. உலர்ந்தால் கஞ்சியும் விறைத்து, இழை மொடமொடத்து ஒடியும்.

குழித்தறியின் அருமை அப்போது புரியும். தரைமட்டத்தை ஒட்டிப் பாவு ஓடுவதால் மண்ணின் குளிர்ச்சி அதற்குக் கிடைக்கிறது. சிமெண்டுத் தரை போட்ட வீட்டில் அது பாதி போய்விட்டது. நாங்கள் செய்வது: குழிக்குள் மணல் பரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது, பாவுக்கு அடியில் நனைத்த கோணி போடுவது, மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை தறியை விட்டுவிட்டுத் தார் சுற்றுவது. மின்விசிறியைப் பாவின் மேல் திருப்பாதீர்கள். உங்களுக்குச் சுகம், இழைக்கு ஆகாது.

நெய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்? நாடாவையா, காலையா?

இரண்டையும் இல்லை. அச்சு அடித்து நிற்கிற அந்த ஓரம், ஊடை துணியாக மாறுகிற அந்த ஒரு விரல் அகல இடம், அங்கேயே கண் இருக்க வேண்டும். தப்பு எல்லாம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு இழை அறுந்தால் அந்த இடத்தில் மெல்லிய கோடு விழும். அறுந்த முனை பக்கத்து இழைகளில் சிக்கினால் ஊடை அங்கே பின்னாமல் மேலாக மிதந்து நிற்கும். நாலு ஊடைக்குள் பார்த்துவிட்டால் அவிழ்த்துச் சரி செய்துவிடலாம். நாலு அங்குலம் போன பிறகு பார்த்தால் அது இரண்டாந்தரத் துணி.

காது இன்னொரு கண். நாடா பெட்டிக்குள் போய் நிற்கும் சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "டக்" என்பது "டப்" என்று மாறினால் நிறுத்துங்கள்.

தறியை விட்டு எழுந்து போய் வந்து மறுபடி ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு குறுக்குப்பட்டை விழும். தளர்வாகவோ நெருக்கமாகவோ, எப்படியும் விழும். எழுவதற்கு முன் பாவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வந்ததும் இழுத்துக் கட்டி, முதல் இரண்டு ஊடையை மென்மையாக அடித்தால் பாதி மறையும். போன் வந்தால் எடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான், எனக்குப் போன் பிடிக்காது என்பதால் இல்லை.

துணியை இறக்கியதும் அங்குலக் கண்ணாடி வைத்து நாலைந்து இடத்தில் ஊடையை எண்ணுங்கள். 68 இருக்க வேண்டிய இடத்தில் 66 பரவாயில்லை. 60 என்றால் அந்த நேரத்தில் நீங்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சாயத்தை வீட்டிலேயே போடலாமா?

கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் தனியாக ஆரம்பிக்காதீர்கள். வாட் சாயம் என்கிற கெட்டிச்சாயத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத் தூளும் வேண்டும். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் பட்டால் தானே சூடாகிப் புகைந்து தீப்பிடிக்கும். ஈரக் கரண்டியை உள்ளே விட்ட ஒரு பையனால் எங்கள் பின்கட்டே புகையானது. கையுறை, கண்ணாடி, திறந்த இடம் மூன்றும் இல்லாமல் தொட வேண்டாம்.

அந்த வேலையில் ஒரு அழகு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவுரி நீலத் தொட்டியிலிருந்து சிட்டத்தைத் தூக்கும்போது மஞ்சளும் பச்சையுமாகத்தான் வரும். காற்றுப் படப்படக் கண் முன்னாலேயே நீலமாகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் யாரும் பேசுவதில்லை.

சாயம் போட்ட நூலைக் கடையில் வாங்கினால் சோதித்துவிட்டு வாங்குங்கள். ஒரு வெள்ளைத் துணித்துண்டில் நாலு இழையைத் தைத்து, சோப்புப் போட்ட சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கிக் காயவையுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்த நூல் வேண்டாம். நான் ஒருமுறை இதைச் செய்யாமல், கெட்டிச்சாயம் என்று சொன்ன வாயை நம்பி அரக்கு நூல் வாங்கிவிட்டேன். வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஜா நிறமாகி, ஒரு பாவு கைலியும் திரும்பி வந்தது. விற்றவர், தண்ணீர் சரியில்லை என்று கையை விரித்துவிட்டார். நூல் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள் என்று இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்.

கைலி மூட்டுவது, துண்டுக்குக் குஞ்சம் கட்டுவது எல்லாம் இதில் சேருமா?

சேரும். நன்றாக நெய்து அசிங்கமாக மூட்டினால் வாங்குகிறவர் மூட்டலைத்தான் பார்ப்பார். கட்டம் போட்ட துணியில் இரண்டு முனையும் சேரும் இடத்தில் கட்டம் முறியக்கூடாது. வெட்டும்போதே கட்டத்தின் கோட்டைப் பிடித்து வெட்டுங்கள், அளவுகோலைப் பிடித்து வெட்டாதீர்கள். மூட்டலுக்குள் மடிப்பு எவ்வளவு போகும் என்று முதலிலேயே கணக்கிட்டு அந்த அளவு துணி விடுங்கள். தையல் மிஷினில் மேல்துணியும் கீழ்துணியும் ஒரே வேகத்தில் நகராது, அதனால் கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்திக்கொண்டு தையுங்கள். 60-ஆம் நம்பர் துணிக்கு மெல்லிய ஊசி போதும்.

துண்டுக்குக் குஞ்சம் கட்ட, நெய்யும்போதே இரண்டு துண்டுக்கு நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஊடை அடிக்காமல் விட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

விசைத்தறி கற்றால் சீக்கிரம் சம்பாதிக்கலாமே?

சம்பாதிக்கலாம். நான் விசைத்தறிக்கு விரோதி இல்லை, என் அண்ணன் மகன் அதில்தான் இருக்கிறான். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒன்று, சத்தம். தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்தான் எல்லை. வரிசையாகத் தறி ஓடும் கொட்டகையில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காவிட்டால், அந்த எல்லை தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காதுக்கு அடைப்பான் கேளுங்கள், கொடுக்காவிட்டால் சொந்தக் காசில் வாங்குங்கள். காது போனால் திரும்ப வராது. தறி ஓடும்போது புடவைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் தொங்கக்கூடாது.

இரண்டு, சட்டம். 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் உரியவை. முதலில் 22 இருந்தது, பிறகு குறைத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் கைலி உண்டு, இன்ன இன்ன வகை என்கிற வரையறையோடு. அவற்றை விசைத்தறியில் ஓட்டினால் குற்றம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது சந்தைக்குப் போய் நாலு கைலியைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

கால், முதுகு வலிக்குமா?

வலிக்கும். ஆரம்பத்தில் முட்டி, பிறகு இடுப்பு. பலகையின் உயரத்தை உங்கள் உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், தறி யாருடையதாக இருந்தாலும். மிதியில் கால் வைக்கும்போது முட்டி முழுசாக நீளவும் கூடாது, மார்பை நோக்கி மடங்கவும் கூடாது. ஒரு முழத்துக்கு ஒருதடவை எழுந்து நில்லுங்கள்.

கூலி எவ்வளவு கிடைக்கும்?

ரகத்துக்கு ரகம், சங்கத்துக்குச் சங்கம் மாறுவதால் தொகை எழுதவில்லை. கூலி என்பது இறக்கிய துணிக்குத்தான், உட்கார்ந்த நேரத்துக்கு இல்லை. சேரும் முன் கேட்க வேண்டியவை: பாவு பிணைக்கும் கூலி யார் தலையில்? தார் சுற்றுகிறவருக்கு யார் கொடுப்பது? இரண்டாந்தரத் துணிக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? இந்த மூன்றையும் கேட்காமல் கைலிக்கு இவ்வளவு என்பதை மட்டும் கேட்டு ஏமாந்தவர்கள் நிறைய. வீட்டில் ஒருவர் நெய்தால் இன்னொருவர் தார் சுற்றுகிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள். அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண், அவருக்குத் தனியாகக் கூலி எழுதுவதில்லை. எனக்கு இதில் நீண்ட நாள் வருத்தம் உண்டு.

கைத்தறிக்குத் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கொடுத்துவந்தது, 2023-இல் அதை 300 ஆக்கினார்கள். தறி வைத்திருந்தும் பதிவு செய்யாதவர்கள் செய்துகொள்ளுங்கள்.

ஆரணிப் பட்டு கற்க வேண்டும் என்று ஆசை. நேராக அதற்குப் போகலாமா?

ஆரணி நம் பழைய வட ஆற்காடுதான், 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போனது. ஆசைப்படுங்கள். ஆனால் பருத்தியில் கைலி நெய்து கெடுத்தால் சில நூறு ரூபாய் நஷ்டம், பட்டில் கெடுத்தால் ஆயிரக்கணக்கில். கெடுக்க வேண்டியதை எல்லாம் பருத்தியில் கெடுத்து முடித்துவிட்டுப் போங்கள்.

முறையாகப் படிக்க எங்கே போகலாம்?

மூன்று வருஷ டிப்ளமோ வேண்டுமானால் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டிசைன், சாயம் பற்றிச் சந்தேகம் கேட்கக் காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம். குறுகிய காலப் பயிற்சிக்கு மத்திய அரசின் சமர்த் திட்டத்தில் அவ்வப்போது வகுப்பு நடத்துவார்கள். உங்கள் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் அடுத்தது எப்போது என்று சொல்வார்கள். சான்றிதழ் கடன் வாங்க உதவும். பாவு பிணைக்கப் பழகுவது என்னமோ யாராவது ஒரு கிழவர் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

தில்லி செங்கோட்டையில் ஏற்றிய முதல் தேசியக் கொடி குடியாத்தத்தில் நெய்ததாமே?

ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் கேட்டு வளர்ந்தவள் இல்லை, கேட்டு வாழ்க்கைப்பட்டவள். வகுப்புக்கு வந்தவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, தேசியக் கொடியின் அகலம் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், மூன்று பட்டையும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒரு கைக்குட்டை அளவுக்கு நெய்து காட்டுங்கள் என்பேன். மூன்று பட்டையைச் சமமாக இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வார்கள்.

திருவிழாச் சமயத்தில் வகுப்பு உண்டா?

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு. அதற்கு முன்னும் பின்னும் சில நாள் ஊரில் ஒரு தறியும் ஓடாது, என்னைத் தேடியும் வராதீர்கள். போகும் முன் மட்டும் இதைச் செய்துவிட்டுப் போங்கள்: பாவின் இழுவையைத் தளர்த்துங்கள், நெய்த துணியைப் படைமரத்தில் (துணி சுற்றும் உருளையில்) சுற்றி மேலே பழைய வேட்டி போர்த்துங்கள், நாடாவிலிருந்து தாரை எடுத்துவிடுங்கள், குழியில் பருக்கை சிந்தியிருந்தால் கூட்டுங்கள். கஞ்சி மணத்துக்கு எலி வரும். போன வருஷம் அவசரத்தில் போர்த்தாமல் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாவின் நடுவில் ஒரு கைப்பிடி இழை கத்தரித்த மாதிரி இருந்தது. இருநூற்றுப் பதினாறு முடிச்சு, எண்ணினேன்.